அம்மாவுக்கும் சித்திக்கும் கேன்சர் வந்திருக்கிறது, நான் எந்த வயதிலிருந்து என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்?

பருத்திப்பூ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் திருப்பூர், வயது 33, ஐந்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அம்மாவுக்கு 44 வயதில் இடது மார்பில் கட்டி வந்தது. மார்பை எடுத்து, கீமோ கொடுத்து, கரண்டும் (ரேடியேஷன்) வைத்து, இப்போது 58 வயதில் நன்றாக இருக்கிறார். அம்மாவின் தங்கை, என் சித்தி, 49 வயதில் தவறிவிட்டார். இத்தனை வருடமும் வீட்டில் "வயிற்றில் கட்டி" என்று மட்டும்தான் சொல்லி வந்தார்கள். போன மாதம் சித்தி மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்த சித்தப்பா, பேச்சோடு பேச்சாக, "உங்க சித்திக்குக் கருமுட்டைப்பையில் கேன்சர், தெரியும்போதே வயிறெல்லாம் பரவிடுச்சு" என்று சொன்னார். அம்மா உடனே எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

எங்கள் கம்பெனிக்கு ஒரு லேப்காரர்கள் வந்து முழு உடல் பரிசோதனை செய்தார்கள். அதில் "கேன்சர் மார்க்கர்" என்று சி.ஏ.125, சி.இ.ஏ. இரண்டும் இருந்ததால் தனியாகப் பணம் கட்டி எடுத்தேன். இரண்டும் நார்மல். "உங்களுக்கு ஒன்றும் இல்லை மேடம்" என்றார்கள். பிறகு ஒரு மகப்பேறு டாக்டரிடம் கேட்டதற்கு, "33 வயதுதானே ஆகிறது, 40க்கு மேல் மேமோகிராம் (மார்பு எக்ஸ்ரே) எடுத்தால் போதும்" என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார். சித்தியைப் பற்றிச் சொல்ல வாய் எடுத்தேன், அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் கேட்க நினைப்பது: அந்த ரத்த டெஸ்ட் நார்மல் என்றால் நிம்மதியாக இருக்கலாமா? ஜீன் டெஸ்ட் என்கிறார்களே, அது எனக்குத் தேவையா? அம்மாவிடம் லேசாகப் பேச்செடுத்தேன். "தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் இதையெல்லாம் கிளறாதே" என்கிறார். தங்கைக்கு 27 வயது.

நித்தியகல்யாணி எழுதியது:

தங்கச்சி, நான் கோயம்புத்தூர், வயது 41. எனக்கு பி.ஆர்.சி.ஏ.1 ஜீனில் பிழை இருப்பது 34 வயதில் தெரிந்தது. பரம்பரையாக வந்து, மார்பு, கருமுட்டைப்பை கேன்சர் வாய்ப்பைக் கூட்டுகிற பிழை அது. அதனால் நீங்கள் கேட்பது ஒவ்வொன்றும் நான் கடந்து வந்ததுதான்.

முதலில் அந்த ரத்த டெஸ்ட். அதை வைத்து நிம்மதி அடையவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். சி.ஏ.125 என்பது கருமுட்டைப்பை கேன்சர் இருப்பவர்களுக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்கப் பயன்படுவது. கேன்சர் ஆரம்பத்தில் இருக்கும்போது பல பேருக்கு அது ஏறுவதே இல்லை. இன்னொரு பக்கம், மாதவிலக்கு நாளிலும், கர்ப்பப்பையில் சாதாரண நார்க்கட்டி இருந்தாலும்கூட ஏறும். இங்கிலாந்தில் 2 லட்சம் பெண்களைச் சேர்த்து, பல வருடம் இந்த ரத்த டெஸ்டும் ஸ்கேனும் செய்து பார்த்தார்கள். 2021இல் கடைசி முடிவு வந்தது. கருமுட்டைப்பை கேன்சரால் இறந்தவர்கள் எண்ணிக்கை அதனால் குறையவில்லை. இதைத்தான் நம் ஊரில் பேக்கேஜில் சேர்த்து விற்கிறார்கள், எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அடுத்தது, 40 வயது. எந்தக் குடும்ப வரலாறும் இல்லாதவர்களுக்குச் சொல்கிற கணக்கு அது. அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ வந்திருந்தால், அவர்களுக்கு வந்த வயதில் பத்தைக் கழித்து அந்த வயதில் ஆரம்பிப்பதுதான் பொதுவான வழக்கம், ஆனால் மேமோகிராமை 30க்கு முன் ஆரம்பிப்பதில்லை. உங்கள் அம்மாவுக்கு 44, கழித்தால் 34. உங்களுக்கு இப்போது 33. 40 வரை காத்திருக்கிற ஆள் நீங்கள் இல்லை. ஒரே பக்கத்து உறவில் மார்பும் கருமுட்டைப்பையும் சேர்ந்து வந்திருக்கிறது, இரண்டு பேருமே 50 வயதுக்குள். என் டாக்டர் "சிவப்பு விளக்கு" என்று சொன்னது இதைத்தான்.

ஜீன் டெஸ்ட் தேவை. ஆனால் முதலில் எடுக்க வேண்டியது நீங்கள் அல்ல, உங்கள் அம்மா. இதை நிறையப் பேர் தலைகீழாகச் செய்து பணத்தை வீணாக்குகிறார்கள். நோய் வந்தவரின் ரத்தத்தில் பிழை இருக்கிறதா, எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், நீங்களும் தங்கையும் அந்த ஒரே இடத்தை மட்டும் சோதித்தால் போதும், செலவும் குறைவு, பதிலும் உறுதி. நீங்கள் முதலில் எடுத்து "இல்லை" என்று வந்தால், குடும்பத்திலேயே அந்தப் பிழை இல்லையா, இருந்தும் உங்களுக்கு மட்டும் வரவில்லையா என்று சொல்ல முடியாது. அம்மாவுக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு சரிபாதி.

பிழை இருந்தால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். 80 வயதுக்குள் மார்பில் கேன்சர் வருவது 100க்கு 70 பேர் வாக்கில். கருமுட்டைப்பையில் பி.ஆர்.சி.ஏ.1 என்றால் 44 பேர் வாக்கில், அதே மாதிரி இன்னொரு ஜீனான பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 17 பேர் வாக்கில். இவை பெரும்பாலும் வெளிநாட்டுக் குடும்பங்களை வைத்துப் போட்ட கணக்கு. கேட்கும்போது தலை சுற்றும், எனக்கும் சுற்றியது. ஆனால் தெரிந்துவிட்டால் செய்ய வழி இருக்கிறது. 25 வயதிலிருந்து வருடம் ஒருமுறை மார்புக்கு எம்.ஆர்.ஐ., 30இலிருந்து அதோடு மேமோகிராமும். நான் இரண்டையும் ஆறு மாத இடைவெளியில் மாற்றி மாற்றி எடுத்தேன்.

எம்.ஆர்.ஐ. எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன். மாதவிலக்கு ஆரம்பித்த 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் வரச் சொல்வார்கள். குப்புறப் படுக்க வேண்டும், மார்பு தொங்குவதற்கு மேசையில் இரண்டு குழி இருக்கும். கையில் ஊசி குத்தி, பாதியில் மருந்து ஏற்றுவார்கள், அது போகும்போது கை சில்லென்று இருக்கும். அரை மணி நேரம் அசையாமல், காதில் அடைப்பு வைத்தும் டக்டக்கென்று சத்தம். முதல் முறை என் நெற்றியில் மேசையின் அச்சு பதிந்து, வீட்டுக்கு வரும்வரை இருந்தது. மூன்றாவது வருடம் வலது மார்பில் 9 மில்லிமீட்டரில் ஒரு புள்ளி. மேமோகிராமில் அது தெரியவே இல்லை. டாக்டர் கையால் தடவிப் பார்த்தும் தட்டுப்படவில்லை. ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் கேன்சர்தான், ஆனால் அக்குள் நெறிக்கட்டுக்குப் பரவவில்லை. இன்று உங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. அம்மாவுக்குக் கருமுட்டைப்பையை எடுத்துவிட்டார்களா, இன்னும் இருக்கிறதா? கேட்டுச் சொல்லுங்கள், முக்கியம்.

தாமிரபரணிக்காரன் எழுதியது:

மேலே அக்கா சொன்னது எல்லாமே சரி. நான் ஒரு ஆண் என்பதால் விடுபட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் வீட்டில் இது அப்பா வழியில் வந்தது. அப்பாவின் அம்மாவுக்கும் பிறகு அத்தைக்கும் மார்பில். என் அக்கா டாக்டரிடம் போனபோது கேட்டது, "உங்க அம்மாவுக்கு இருக்கா? அம்மாகூடப் பிறந்தவங்களுக்கு?" இவ்வளவுதான். இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அப்பா பக்கம் யாரும் கேட்கவும் இல்லை, பெண்கள் வியாதி அப்பா மூலம் வரும் என்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை. இந்த ஜீனுக்கு ஆண் பெண் வித்தியாசம் கிடையாது, அப்பாவிடமிருந்தும் அதே சரிபாதி வாய்ப்புதான். அக்காவுக்கு 38இல் வந்த பிறகுதான் பி.ஆர்.சி.ஏ.2 என்று தெரிந்தது. எனக்கும் இருக்கிறது. ஆணுக்கும் மார்பில் வரலாம், குறைவுதான், ஆனால் புராஸ்டேட் கேன்சர் வாய்ப்பு கூடுதல், அதனால் 40இலிருந்து வருடா வருடம் பி.எஸ்.ஏ. ரத்த டெஸ்ட் எடுக்கிறேன். எனக்கு இரண்டு மகள்கள், அவர்கள் பெரியவர்களானதும் சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

ஒரு தாளில் குடும்ப மரம் வரையுங்கள். இரண்டு பக்கமும், மூன்று தலைமுறை, யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில். "வயிற்றில் கட்டி", "கர்ப்பப்பை ஆபரேஷன்", "ரத்தம் சுண்டிப் போச்சு" என்று சொல்லி வைத்திருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நான் எங்கள் பெரிய அத்தையிடம் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கேட்டேன். அவர் யாரிடமும் சொல்லாத இரண்டு சாவுகளின் காரணம் அன்றுதான் வெளியே வந்தது. டாக்டரிடம் அந்தத் தாளை நீட்டினால் இரண்டு நிமிடத்தில் அனுப்ப மாட்டார்.

அப்புறம் உங்கள் சித்தி மகன், கல்யாணம் ஆகப்போகிறவர், அவருக்கும் சொல்ல வேண்டும். அவருடைய அம்மாதானே.

சேலத்துக் குமரன் எழுதியது:

யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். ஆரோக்கியமாக இருக்கிற பெண்ணை இப்படி டெஸ்ட் டெஸ்ட் என்று ஓடவிட்டால், கேன்சர் வருவதற்கு முன்பே பயத்தில் பாதி உயிர் போய்விடாதா? என் மனைவிக்கு மேமோகிராமில் ஏதோ தெரிகிறது என்றார்கள். ஸ்கேன், பயாப்சி என்று மூன்று வாரம் அழுதாள், கடைசியில் ஒன்றும் இல்லை. தேடினால் ஏதாவது ஒன்று கிடைக்கத்தான் செய்யும். வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

திண்டுக்கல் செவிலியர் எழுதியது:

குமரன் சார், உங்கள் மனைவி பட்ட பாடு உண்மையானது. நான் கிராம சுகாதார செவிலியராக 19 வருடம் வேலை பார்க்கிறேன், அப்படி அழுதவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தேவையில்லாதவர்களுக்குத் தேவையில்லாத டெஸ்ட் எடுத்தால் கெடுதல்தான். அதனால்தான் யாருக்கு ஆபத்து அதிகம் என்று முதலில் பிரிக்க வேண்டும் என்கிறோம். ஊரில் எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க யாரும் சொல்லவில்லை. இந்தப் பெண்ணின் வீட்டில் இரண்டு பேர், இளம் வயதில். இவருக்கு "வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று நான் சொல்ல மாட்டேன். சித்திக்கு அப்படித்தானே ஆனது.

எங்கள் மாவட்டத்து விஷயம் ஒன்று சொல்கிறேன். திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கையை மையமாக வைத்து 2000ஆம் ஆண்டிலிருந்து கிராமம் கிராமமாகப் போய், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தார்கள். பெரிய மெஷின் எதுவும் கிடையாது. மேசை, நல்ல வெளிச்சம், பஞ்சு, பயிற்சி பெற்ற செவிலியர், அவ்வளவுதான். தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், கெட்டுப்போகத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். டெஸ்ட் செய்த ஊர்களில் கர்ப்பப்பை வாய் கேன்சரால் இறந்தவர்கள் 35 சதவீதம் குறைவு. 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் மேல் நடந்த ஆய்வு இன்று உலகம் முழுக்கப் பேசப்படுகிறது என்பது எனக்குப் பெருமை. ஆனால் 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 30-49 வயதில் கர்ப்பப்பை வாய் கேன்சர் டெஸ்டை ஒருமுறையாவது எடுத்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. இந்தியா முழுக்கப் பார்த்தால் நூறில் இரண்டு பேர்கூட இல்லை, அதோடு ஒப்பிட்டால் நாம் பரவாயில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் எனக்கு அது போதவில்லை.

பருத்திப்பூ, ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய், மார்பு, கர்ப்பப்பை வாய் மூன்றையும் இலவசமாகப் பார்க்கிறோம். 2023 கடைசியில் ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி நான்கு மாவட்டங்களில் வீடு வீடாக அழைப்பு கொடுத்துக் கூப்பிடும் திட்டமும் ஆரம்பித்தார்கள். நீங்கள் போய்க் கர்ப்பப்பை வாய் டெஸ்டை எடுத்துவிடுங்கள், அதற்கும் பரம்பரைக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை, அது எச்.பி.வி. வைரஸால் வருவது. மகளுக்கு 9 வயது ஆனதும் அதற்கான தடுப்பூசியையும் போட்டுவிடுங்கள். ஆனால் மார்பு விஷயத்தில், நாங்கள் கையால் தடவிப் பார்ப்பது பொதுவான பெண்களுக்கு. உங்களுக்கு அது போதாது, நேரடியாகச் சொல்கிறேன். அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் பரம்பரை நோய்க்கென்று ஆலோசனை கிடைக்கும். ஜீன் டெஸ்டுக்கு ரத்தம் கொடுப்பதற்கு முன்பே ஆலோசனைக்குப் போங்கள், பிறகு அல்ல.

ரிசல்ட்டில் "இருக்கிறது", "இல்லை" தவிர மூன்றாவதாக ஒன்று வரலாம். மாற்றம் இருக்கிறது, ஆனால் அது கெடுதலா என்று இன்னும் உறுதியாகவில்லை என்பார்கள். அதை வைத்து எந்த ஆபரேஷனுக்கும் போகக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு ஆறு மாதம் நிம்மதி இழந்தது. விளக்கிச் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

இன்னொன்று, இளம் வயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருக்கும், மேமோகிராமில் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. அதனால் படம் நார்மல் என்று வந்த பிறகும் கையில் ஏதாவது தட்டுப்பட்டால், காம்பு உள்ளே இழுத்தால், ரத்தம் கலந்த நீர் வந்தால், அடுத்த வருட டெஸ்ட் வரை காத்திருக்காமல் போய்விட வேண்டும்.

பருத்திப்பூ எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நித்தியகல்யாணி அக்கா கேட்ட கேள்வியை அம்மாவிடம் கேட்டேன். எடுக்கவில்லை. மார்பு ஆபரேஷன் மட்டும்தான் நடந்ததாம், மற்றதைப் பற்றி யாரும் பேசவே இல்லையாம்.

நித்தியகல்யாணி எழுதியது:

அதற்காகத்தான் கேட்டேன், தங்கச்சி. எல்லோரும் உங்களைப் பற்றியும் உங்கள் தங்கையைப் பற்றியும் யோசிக்கிறோம், ஆனால் அந்த ஜீன் இருந்தால் இன்றைக்கு முதலில் ஆபத்தில் இருப்பது அம்மாதான். மார்பில் வந்து குணமானதால் கருமுட்டைப்பைக்கு வராது என்று இல்லை, இன்னொரு மார்பும் இருக்கிறது. கருமுட்டைப்பைக்கு நம்பத்தகுந்த முன்கூட்டிய டெஸ்ட் இல்லாததால்தான், ஜீன் உறுதியானவர்களுக்குக் குழந்தைப் பேறு முடிந்த பிறகு கருமுட்டைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். பி.ஆர்.சி.ஏ.1 என்றால் 35-40 வயதில், 2 என்றால் 40-45 வரை பொறுக்கலாம். நான் 39இல் எடுத்துக்கொண்டேன். மாதவிலக்கு சட்டென்று நின்றுபோகும், உடம்பு கொதிக்கும், ராத்திரி தூக்கம் கெடும், அதெல்லாம் உண்டு. உங்கள் அம்மாவுக்கு 58, அந்தக் கஷ்டம் ஏற்கெனவே கடந்திருக்கும். "உனக்காக எடு" என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள், "எனக்காக எடு" என்று சொல்ல வேண்டாம்.

கல்யாணம் பற்றி. ஜீன் ரிப்போர்ட்டை யாரும் ஜாதகத்தோடு சேர்த்துக் கொடுப்பதில்லை, அது உங்கள் தங்கையின் கையில் இருக்கும் விஷயம், யாரிடம் எப்போது சொல்வது என்பதை அவள் முடிவு செய்யட்டும். டெஸ்ட் வேண்டுமா என்பதையும் அவள்தான் முடிவு செய்ய வேண்டும், ஆனால் தெரிந்து முடிவு செய்யட்டும். 27 வயது, இருப்பது உறுதியானால் அவளுக்கு எம்.ஆர்.ஐ. ஆரம்பிக்க வேண்டிய வயது ஏற்கெனவே வந்துவிட்டது.

பருத்திப்பூ எழுதியது:

அக்கா சொன்ன மாதிரியேதான் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து ஒரு ஜவுளிக்கடைப் பையை எடுத்தார். அதற்குள் அம்மாவின் பழைய ஃபைல், அதோடு சித்தியின் பயாப்சி ரிப்போர்ட்டும். சித்தி போன பிறகு சித்தப்பா கிழிக்கப் போனதை வாங்கி வைத்திருந்தாராம், இத்தனை வருடம் யாருக்கும் சொல்லவில்லை. மடிப்பில் தாள் கிழிந்திருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது, கருமுட்டைப்பை, சீரஸ் வகை, ஹை கிரேடு (வேகமாக வளர்வது) என்று இருக்கிறது. அம்மாவுடையதில் மார்புக் கட்டியில் பார்க்கிற மூன்று ரிசப்டரும் (இரண்டு ஹார்மோன், ஒரு ஹெர்2) நெகட்டிவ்.

நித்தியகல்யாணி எழுதியது:

அந்த இரண்டு தாளையும் லேமினேட் செய்யாமல் அப்படியே ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், ஜெராக்ஸ் இரண்டு செட் தனியாக. இரண்டு தாளில் இருப்பதும் ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்வதற்குத் தனித்தனியாகவே போதுமான காரணம். உங்கள் அம்மா அந்தத் தாள்களைப் பத்திரமாக வைத்திருந்தது பெரிய காரியம், அதை அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பருத்திப்பூ எழுதியது:

சொல்கிறேன் அக்கா. அடுத்த வியாழக்கிழமை ஆலோசனைக்கு நேரம் கிடைத்திருக்கிறது, அம்மா, நான், தங்கை மூன்று பேரும் போகிறோம். தங்கை தானாகவே வருகிறேன் என்றாள். சித்தி மகனிடம் கல்யாணம் முடிந்த வாரம் பேசுவதாக சித்தப்பா ஒத்துக்கொண்டார். குடும்ப மரம் வரைந்து முடித்துவிட்டேன், அம்மாச்சிக்கு என்ன வந்தது என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை, ஊரில் அவர் கூடப்பிறந்தவர் ஒருவர் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்க வேண்டும்.